கவிழ்ந்து படுத்த ரஞ்சிதம்

ரஞ்சிதம் என்கிற பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது சதுரங்கப்பட்டினத்து மீன் சந்தையில். தொண்ணூறாம் வருஷம், மாசி மகத்துக்குக் கொஞ்சம் முன்னால். என் ஓரகத்தி ஞானம்பாள், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, தன் மகன் ஜம்புலிங்கத்துக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். நண்டு விற்கிற ஒருத்தி சொன்னாள்: "மெய்யூர்க்குப்பத்துல ரஞ்சிதம்னு ஒரு பொண்ணு கீது. ரெண்டாளு சேந்து தூக்குற கூடைய ஒண்டியா தலைக்கு ஏத்துது."

ஞானம்பாள் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. நிறம் கேட்கவில்லை, குணம் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "இடுப்பு நல்ல இடுப்புடி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். மாடு பிடிக்கப் போகிறவன்கூடப் பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான். இவள் இடுப்பை மட்டும் கேட்டுக்கொண்டு வந்து பரிசம் போட்டாள். அந்த இடுப்பு முறிந்தபோது அதை நம்ப அந்த வீட்டில் ஆளில்லை. இதைக் கோபமில்லாமல் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். வரவில்லை.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்துக்குப் போகிற வழியில். என் மாமனாருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு பெண். மூத்தவர் ஞானம்பாளின் கணவர். ஜம்புலிங்கம் இடுப்பில் இருந்த வயதிலேயே அவர் கட்டுமரம் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். உடம்பு மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது. கட்டுமரம் கவிழ்ந்த அன்று காலை ஞானம்பாள் சோற்றுப் பானையைத் தேய்த்து, நீர் வடியட்டும் என்று கவிழ்த்து வைத்திருந்தாளாம். அந்தப் பானையை அவள் தன் கையாலேயே உடைத்தாள். அதிலிருந்து அந்த வீட்டில் எதையும் கவிழ்த்து வைக்கக் கூடாது. பானை, குடம், கூடை, செருப்பு, எதுவும். ஆம்பளை கடலில் இருக்கும்போது யாரும் குப்புறப் படுக்கக் கூடாது. கவிழ்வது என்கிற வார்த்தையையே சொல்லக் கூடாது. போட்டு, அதாவது படகு, கவிழ்ந்தது என்றால், "போட்டு சாஞ்சிச்சு" என்பார்கள். இப்படி ஒரு பயம் எங்கள் கரையில் பல வீடுகளில் உண்டு. ஆனால் ஞானம்பாள் வீட்டில் அது சட்டம். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் என்று நாங்கள் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

ரஞ்சிதம் வந்தாள். சொன்னதுபோலவே தூக்கினாள். விடிகாலையில் போட்டு கரையேறும்போது கடற்கரையில் நிற்பாள். ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையைத் தலைக்கு ஏற்றி, ரோடு வரைக்கும் மணலில் நடந்து, பஸ் பிடித்துக் கல்பாக்கம் நகரியத்துக்குப் போய் வீடு வீடாக விற்பாள். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிற குடியிருப்பு அது. மத்தியானம் திரும்பி வந்து சமையல், தண்ணீர், துணி. ரோகிணி பிறந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள் ஞானம்பாள் கூடையைக் கையில் கொடுத்துவிட்டாள்.

ஜம்புலிங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். நல்லவன் என்று ஊரே சொல்லும். எனக்கு நல்லவர்கள் மேல் கோபம் வர ஆரம்பித்தது இவனைப் பார்த்துத்தான்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் ஒரு மழை நாள். மீன் கூடையை ஏற்றினால் பஸ்ஸில் திட்டுவார்கள் அல்லவா, அதனால் அவள் கூடையைக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். நகரியம் வந்ததும் கண்டக்டர் அவசரப்படுத்தினான். "எறங்குமா, சீக்கிரம். வண்டியே நாறுது." இவள் முழங்காலை மடக்காமல் குனிந்து, உடம்பைத் திருப்பி, ஈரக் கூடையை ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே ஏதோ கழுக்கென்றது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரைக்கும் ஒரு கம்பியைச் சூடு பண்ணிச் செருகினாற்போல இருந்ததாம். அப்படியும் அன்றைய மீனை விற்றுவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டில் சுளுக்கு என்றார்கள். உலக்கையை வைத்து உருட்டினார்கள். பூண்டெண்ணெய் தேய்த்தார்கள். மறுநாளும் கூடை. பத்து நாளில் அவளால் உட்கார முடியவில்லை, தும்மினால் காலில் மின்னல் அடித்தது. அப்போது ஞானம்பாள் செல்வராஜைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

செல்வராஜ் எங்கள் நாத்தனார் பிள்ளை. காலால் பிறந்தவன் என்று பேர். காலால் பிறந்தவர்கள் இடுப்பை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அந்தக் கரையில் அவன் மிதிக்காத முதுகு கிடையாது. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பெரிய டாக்டர் கணக்கில் வந்து நிற்பான். நான் ஒன்று சொல்கிறேன். அவன் பிறந்தபோது என் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அவன் தலையால்தான் பிறந்தான். அவனுக்கு முன்னால் ஒன்று பிறந்து தங்காமல் போயிற்று, அதுதான் காலால் வந்தது. பேச்சுவாக்கில் அந்தப் பெருமை இவன் தலையில் ஏறிவிட்டது. இதை நான் ஞானம்பாளிடம் அன்றும் சொன்னேன்.

"போடி, பெத்தவளே ஒண்ணும் சொல்லல, உனுக்கு இன்னா?" என்றாள்.

காலால் பிறந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருக்கப் போகிறான், அது வேறு விஷயம்.

ரஞ்சிதத்தைச் சுவரைப் பிடித்துக் குனிந்து நிற்கச் சொன்னார்கள். கடலில் ஆள் இருப்பதால் படுக்க வைக்கவில்லை. செல்வராஜ் எண்பது கிலோ இருப்பான். குதிகாலை அவள் இடுப்பில் வைத்து உதைத்தான். சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"வுட்டுச்சா?" என்றான் செல்வராஜ்.

"வுட்டுச்சு" என்றாள் ஞானம்பாள், ரஞ்சிதத்துக்குப் பதிலாக.

விட்டது இடுப்புப் பிடிப்பு அல்ல. அதற்கு அடுத்த வாரம் அவள் நகரியத்தில் மீன் விற்றுக்கொண்டு போகும்போது கல்யாணி என்கிற அம்மாள் கூப்பிட்டாள். சேலத்துப் பக்கத்துக்காரி, கணவர் அங்கே வேலை. ரஞ்சிதத்திடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவள்.

"ரஞ்சிதம், உன் ஒரு செருப்பு எங்க?"

ரஞ்சிதம் குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு இரண்டு வீட்டுக்கு அப்பால் தெருவில் கிடந்தது. அது கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. மழை விட்டு வெயிலில் சுட்ட தார் ரோடு, அதுவும் தெரியவில்லை.

"பாதத்தைத் தூக்கு பார்க்கலாம்" என்றாள் கல்யாணி.

குதிகால் தரையில் இருக்க, முன்பாதம் எழும்பவில்லை. செத்த மீனின் வால்போலத் தொங்கியது. கல்யாணி கூடையைத் தன் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "இது சுளுக்கு இல்லம்மா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. போகலைன்னா நான் உன்கிட்ட மீன் வாங்க மாட்டேன்" என்றாள்.

அழைத்துக்கொண்டு போனவள் நான். கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு பஸ்ஸில் அவள் நின்றுகொண்டே வந்தாள். திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் இறங்கி சீட்டெல்லாம் காலியானது. உட்காரவில்லை. உட்கார்ந்தால்தான் வலி அதிகம் என்றாள். அதற்கும் ஒரு கிழவன், "மீன்காரிக்குத் திமிரப் பாரு" என்றான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலை எதிர்த்து அமுக்கிப் பார்த்தார். முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். "கொஞ்ச நாள் பயிற்சி செஞ்சு பாக்கலாம். பாதம் தூக்க ஆரம்பிச்சா நல்லது. இன்னும் மோசமாச்சுன்னா ஆபரேஷன்தான். யாரையும் மிதிக்க வுடாத" என்று சொல்லிப் பயிற்சி அறைக்கு அனுப்பினார். அவள் முன்னால் இருந்தது அவ்வளவுதான். பாதம் தூக்க வேண்டும். தூக்கினால் நடப்பாள். இல்லாவிட்டால் கத்தி, அதற்குப் பிறகு எப்படியோ.

பயிற்சி அறையில் ஏசுபாதம் என்று ஒருவர் இருந்தார். நடுவயது, ஒல்லி, சிரிக்காமல் பேசுகிறவர். கட்டிலைக் காட்டி, "கவுந்தடிச்சுப் படும்மா" என்றார்.

ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, காது கேக்கலியா? கவுந்து..."

"சார், அந்த வார்த்த வேணாம் சார். வூட்டுக்காரு கடலுக்குப் போயிகீறாரு."

ஏசுபாதம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "சரி. தரையப் பாத்துப் படு. அது பரவால்லியா?" என்றார்.

ரஞ்சிதமும் யோசித்தாள். "அது பரவால்ல சார்."

படுத்தாள். கையை முழங்கையோடு ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். இடுப்பு கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்றார்.

"வலி எங்க கீது?"

"கெண்டக்கால்ல."

இன்னும் கொஞ்சம் தூக்கி இறக்கச் சொன்னார். திரும்பத் திரும்ப. "இப்ப?"

"தொடைக்கு வந்துச்சு."

"இப்ப?"

அவள் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னாள். "கால்ல கொறஞ்சிடுச்சு சார். இடுப்புலதான் வலிக்குது."

"அதான் வேணும். வலி கீழேர்ந்து மேல ஏறி இடுப்புக்கு வந்தா நல்லது. இடுப்புலேர்ந்து காலுக்கு எறங்குச்சுன்னா, மரத்துப் போச்சுன்னா, அங்கியே நிறுத்து. வலியப் பொறுத்துகினு செய்யாத. இது உனுக்கு ஒத்துக்குது. பக்கத்து வூட்டுக்காரி கேட்டான்னு அவளுக்குச் சொல்லிக் குடுக்காத, அவ இடுப்பு வேற."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். குனிந்து கால் விரலைத் தொடக் கூடாது. மல்லாக்கப் படுத்து எழுந்து எழுந்து உட்காரக் கூடாது. தூங்கி எழுந்தவுடன் குனியவே கூடாது, அப்போது ஜவ்வு ஊறிப்போய் இருக்கும். சமதரையில் நடக்கலாம், மணலில் வேண்டாம். எதையாவது எடுக்க வேண்டுமானால் முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்து எடுக்க வேண்டும், திருப்பி இழுக்கக் கூடாது. கூடையைத் தரையிலிருந்து தூக்கவே கூடாது. மீன் வெட்டக் குந்தி உட்காரக் கூடாது, இடுப்பு உயரத்துக்குப் பலகை போட்டு நின்று வெட்ட வேண்டும்.

கடைசியாகக் குரலைத் தாழ்த்தி என்னிடமும் சேர்த்துச் சொன்னார். "ஒண்ணுக்கு வர்றது தெரியாமப் போச்சுன்னா, இல்ல வராமலே நின்னுச்சுன்னா, தொடை இடுக்குல மரத்துச்சுன்னா, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அந்த நிமிஷம் வண்டி புடிச்சு வந்துடுங்க."

திரும்பும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. செருப்பைச் சணல் கயிற்றால் கணுக்காலோடு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை பாய் விரித்து, தரையைப் பார்த்துப் படுத்தாள். ஞானம்பாள் உள்ளே வந்தாள்.

வந்தவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து, எழவு வீட்டில் அழுவதுபோல அழ ஆரம்பித்தாள். "என் புள்ள நடுக்கடல்ல கீறான். இவ இங்க படுத்துகினு கீறா பாருங்கடி. ஒருத்தன வாரிக் குடுத்தேனே, பத்தலியா?" அக்கம்பக்கம் கூடிவிட்டது. ரஞ்சிதம் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தே, டாக்டரு சொன்னது அத்தே. கால் போயிடும்ன்றாரு."

"உன் காலு பெருசா, என் புள்ள உசுரு பெருசா?"

இந்த மாதிரிக் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் தேவையில்லை, கேள்வி போதும்.

ஜம்புலிங்கம் கரைக்கு வந்ததும் விஷயம் போயிற்று. அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "எக்சைசு பண்ண தெம்பு கீதுல்ல? அதே தெம்புல கூடையத் தூக்குனா வேலையும் ஆவும், எக்சைசும் ஆவும்."

நான் அங்கேதான் இருந்தேன். "டேய், தூக்கித் தூக்கித்தான்டா அது பிதுங்கிச்சு" என்றேன்.

"சின்னம்மா, நானும்தான் வல இழுக்குறேன். எனுக்கு இன்னா ஆச்சு?" என்றான். பல்லிடுக்கில் முள்ளைத் தேடிக்கொண்டே சொன்னான்.

அப்புறம் ஒரு ஏற்பாடு வந்தது. அவன் கரையில் இருக்கும்போது அவள் படுத்துக்கொள்ளலாம். அவன் கரையில் இருக்கிற நேரம் எது? அவள் மீனோடு ஊர் சுற்றுகிற நேரம். அவள் திரும்புகிறபோது அவன் அந்த ஒரே அறையில் கையையும் காலையும் பரப்பித் தூங்குவான். எழுந்து வலை பின்னப் போகிறபோது அவள் அடுப்படியில் இருப்பாள். அனுமதி கொடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம், அவளுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. நாலு நாளில் வலி மறுபடி கெண்டைக்காலுக்கு இறங்கியது.

ரஞ்சிதம் ஏசுபாதத்திடம் போய்ச் சொன்னாள். அவர் மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "நின்னுகினே செய். ரெண்டு கையையும் இடுப்புல பின்னால வெச்சு, முழங்கால மடக்காம பின்னால வளை. முழுசா ஆவாது, ஆனா தாங்கும். நின்னா ஒண்ணும் சாயாதுல்ல?" என்றார்.

அதன் பிறகு அவளை எங்கே பார்த்தாலும் வளைந்துகொண்டுதான் இருந்தாள். ஏலத்தில், பஸ் நிறுத்தத்தில், நகரியத்துத் தெருமுனையில். கையை இடுப்பில் வைத்து முகத்தை வானத்துக்குத் தூக்குவாள்.

"இன்னா ரஞ்சிதம், மேல இன்னா தேடுற? உன் மாமனார் வர்றாரா?" என்பான் ஒருவன்.

"ஏரோபிளேன் பாக்குறா. சிங்கப்பூர் போவப் போறா" என்பாள் ஒருத்தி.

"உன் மொகரையப் பாக்குறதுக்கு வானத்தப் பாக்கலாம்" என்பாள் ரஞ்சிதம்.

வானம்பாத்தா என்று பேர் வைத்துவிட்டார்கள். அதற்குள் கூடையை இரண்டு சின்னக் கூடையாக்கிக்கொண்டாள். தலைக்கு ஏற்ற ஆள் கிடைக்காதபோது பஸ் நிறுத்தத்துத் திட்டில் வைத்துத்தான் எடுத்தாள். வருமானம் குறைந்தது. ஞானம்பாள் குழம்பில் மீன் துண்டைக் குறைத்தாள், அவளுக்கு மட்டும்.

கல்யாணிதான் வழி சொன்னாள். "வியாபாரம் முடிஞ்சு என் வீட்டுக்கு வா. பின்கட்டுல பாய் போட்டுத் தரேன். பதினோரு மணிக்கு உன் வீட்டுக்காரர் கரைக்கு வந்திருப்பார்தானே? யாருக்கு என்ன கஷ்டம்?" ரஞ்சிதம் சம்மதித்தாள். தினம் அங்கே போய்த் தரையைப் பார்த்துப் படுப்பாள். கையை ஊன்றித் தூக்குவாள், இறக்குவாள். பிறகு கல்யாணியோடு அந்தத் தார் ரோட்டில் நடை. சித்திரை வாக்கில் என்னைக் கூப்பிட்டு, "சின்னத்தே, இங்க பாரு" என்றாள். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கினாள். முழுசாக இல்லை. ஒரு விரல்கடை உயரம். நான் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

அந்த வருஷம் ஆடியில் கடல் மோசமாக இருந்தது. ஒரு நாள் போட்டுகள் திரும்ப நேரமாகிவிட்டது. ரஞ்சிதத்துக்கு அது தெரியாது, அவள் நகரியத்தில் இருந்தாள். கரைக்குப் பக்கத்தில் வந்து அலை உடைகிற இடத்தில் ஜம்புலிங்கம் போட்டு கவிழ்ந்தது. ராஜாராம் என்பவனுடைய போட்டும் அதே அலையில் கவிழ்ந்தது. ஆள் எல்லாரும் நீந்தி வந்துவிட்டார்கள். ஜம்புலிங்கத்துக்குக் கை பிசகியது. வலையும் இன்ஜினும் போயின.

யாருடைய வாய் என்று எனக்குத் தெரியும், இப்போது அவள் இல்லை, விட்டுவிடுகிறேன். நகரியத்துக்கு மீன் கொண்டு போகிற இன்னொருத்தி, "ரஞ்சிதம் அந்த நேரத்துல கல்யாணியம்மா வூட்டுல படுத்துகினு இருந்தா, நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் கங்கையம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து.

நாட்டார் சதாசிவம் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஊர்த் தலைவர். பக்கத்தில் ஜம்புலிங்கம் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். ஞானம்பாள் முந்தானையால் வாயை மூடியிருந்தாள். ரஞ்சிதம் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள்.

"இன்னாம்மா, நேத்து நீ அந்த மாரி படுத்தியா?" என்றார் நாட்டார்.

"எந்த மாரி?"

"அதாம்மா. அந்த மாரி."

"எந்த மாரின்னு சொல்லுங்க நாட்டாரே. நானு மல்லாக்கவும் படுப்பேன், ஒருக்களிச்சும் படுப்பேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நாட்டார் தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் போட்டு இருந்தது. அவர் பிள்ளைகள் அன்று கடலில் இருந்தார்கள். சொன்னால் ஆகாது.

"தெரியாத மாரி பேசாத. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும்ல, ஊர்ல யாராவது ஒருத்தரு சொல்லுங்க. இன்னா குத்தம்னு வாயால சொல்ல முடியல, அதுக்கு நானு பதில் சொல்லணுமா?"

ஒருத்தரும் சொல்லவில்லை. அத்தனை ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லப் பயந்துகொண்டு, அந்த வார்த்தைக்காக ஒருத்தியின் காலை வாங்கப் பார்த்தார்கள்.

"அப்ப நானே சொல்றேன்" என்றாள் ரஞ்சிதம். "கவுந்து படுத்தேன். கவுந்தடிச்சுப் படுத்தேன். கால் செத்துப் போயிருந்துச்சு, அப்படிப் படுத்துத்தான் உசுரு வந்துச்சு. நேத்து ராஜாராம் போட்டும் கவுந்துச்சு. அவரு சம்சாரம் எப்படிப் படுத்துகினு இருந்தா? கேட்டீங்களா?"

ராஜாராம் மனைவி கூட்டத்திலிருந்து, "நான் படுக்கவே இல்ல நாட்டாரே, துணி தொவச்சிகினு இருந்தேன்" என்றாள், பயந்துபோய். அதற்கும் சிரித்தார்கள். பெண்களில் பாதிப்பேர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஞானம்பாள் மட்டும் பொத்தவில்லை. ரஞ்சிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், உடைத்த பானையைப் பார்க்கிற மாதிரி.

தீர்ப்பு சொன்னார்கள். கற்பூரம் ஏற்றி, இனி அந்த மாதிரிப் படுக்க மாட்டேன், நகரியத்து வீட்டுக்குப் போக மாட்டேன், பழையபடி முழுக் கூடை எடுப்பேன் என்று அம்மன் முன்னால் சத்தியம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

ரஞ்சிதம் ஜம்புலிங்கத்தைப் பார்த்தாள். "இன்னாயா சொல்ற? உன் போட்ட நான் கவுத்தேனா?"

அலை கவிழ்த்தது என்று அவனுக்குத் தெரியும். அந்த அலையைக் கண்ணால் பார்த்தவன் அவன். ஒரு வார்த்தை போதும். அவன் மணலைக் கிளறினான். பிறகு, "ஊரு சொல்றத கேட்டுட்டுப் போயேன். இன்னாத்துக்குப் பேஜாரு" என்றான்.

கற்பூரம் எரிந்து அணைந்தது. அவள் சத்தியம் பண்ணவில்லை.

மறுநாள் காலை போட்டுகள் இன்னும் கடலில் இருக்கும்போதே, வாசலில், எல்லார் கண்ணெதிரே பாய் விரித்து, பயிற்சியை முழுசாகச் செய்தாள். ஞானம்பாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ரஞ்சிதம் பாயைச் சுருட்டி ரோகிணியிடம் கொடுத்துவிட்டு, துணிமணியை இரண்டு பையாகப் பிரித்து ஒவ்வொரு கையிலும் ஒன்று எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கேளம்பாக்கத்தில் அவளுடைய பெரியம்மா மகள் மீனாட்சி மீன் கடை வைத்திருந்தாள். ரோகிணியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

நான் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜம்புலிங்கம் அன்று மத்தியானம், "எப்ப வருவா?" என்று என்னைக் கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

அவன் போய்க் கூப்பிட வருஷம் இரண்டாயிற்று. அதுவும் பஞ்சாயத்து அபராதத்தைத் தள்ளுபடி பண்ணிவிட்டது என்று சொல்லத்தான் போனான். அவள் மீனை வெட்டிக்கொண்டே, "நானு குத்தமே பண்ணல, நீங்க இன்னாத்த தள்ளுபடி பண்றீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டாயிரத்து நாலு, மார்கழி, ஞாயிற்றுக்கிழமை காலை. அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் கரையில் ஒரு போட்டுகூட நேராக நிற்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்பில், கோயில் கூரைமேல், எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. எங்கள் குப்பத்தில் ஆறு பேர். அன்று எந்த வீட்டுப் பெண் எப்படிப் படுத்திருந்தாள் என்று எந்த நாட்டாரும் கேட்கவில்லை. ரஞ்சிதம் கேளம்பாக்கத்தில் நின்றுகொண்டு சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். சாயங்காலமே வந்துவிட்டாள். கல்யாண மண்டபத்தில் நாங்கள் தங்கியிருந்தபோது ஞானம்பாளுக்குத் துணி மாற்றிவிட்டவள் அவள்தான். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, ஏசுபாதம் சொன்னது மாறாமல்.

ஞானம்பாள் அவள் காலையே பார்த்தாள். "பாதம் தூக்குதா?" என்று கேட்டாள்.

"தூக்குது அத்தே. கட்டவெரலு மட்டும் பாக்கி."

ஞானம்பாள் மன்னிப்புக் கேட்டாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்கவில்லை. கேட்காமலேயே மறுவருஷம் போய்ச் சேர்ந்தாள். அவள் சாமான்களை எடுத்து வைத்தபோது பாத்திரமெல்லாம் நிமிர்ந்தே இருந்தது, உள்ளே தூசி அடைந்து.

அந்தச் சாவுக்கு ரஞ்சிதம் வந்தாள், காரியம் முடிந்த அன்றே போய்விட்டாள். இருந்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பழசை மறந்துவிடு என்றார்கள். மறக்கச் சொல்கிறவர்களில் ஒருத்தராவது அந்தப் பஞ்சாயத்தில் வாயைத் திறந்தவர்களா என்று எண்ணிப் பார்த்தேன்.

இப்போது ரஞ்சிதம் கேளம்பாக்கத்தில் இருக்கிறாள். ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு எதிரே, இடுப்பு உயரத்துப் பலகை போட்டு நின்றபடி மீன் விற்கிறாள். இடது கால் செருப்புக்குப் பின்னால் வார் வைத்துத் தைத்திருக்கிறாள். காலையில் கடை திறப்பதற்கு முன் கவிழ்ந்து படுக்கிறாள். நடக்கிறாள்.